முதல் வரியில் கோழி இருந்தால் போதுமா?

மிருக வைத்தியரின் பதில்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டதால் நாயின் பெயரையும் மாற்றி, ரொக்கி என்று வைத்துக்கொள்கிறேன். ஏழு மாத லாப்ரடோர் குட்டி. எடை 20 கிலோ. தொடர்மாடி வீடு. கணவர், எட்டு வயது மகள், மாமி, இவர் என்று நான்கு பேர். மாமி சுத்த சைவம். மற்றவர்கள் வெள்ளியும் விரத நாளும் தவிர மச்சம் சாப்பிடுகிறவர்கள்.

ரொக்கி வந்த புதிதில் பக்கற்றில் அடைத்த வெளிநாட்டு நாய் உணவு கொடுத்திருக்கிறார்கள். செலவு கட்டுபடியாகாமல் போகவே, கடையில் பெரிய சாக்கிலிருந்து கிலோக் கணக்கில் நிறுத்து, பொலித்தீன் பையில் கட்டிக் கொடுக்கும் உணவுக்கு மாறி நான்கு மாதமாகிறது. கடந்த இரண்டு மாதமாக ரொக்கி ஓயாமல் சொறிகிறான். வால் அடி, வயிறு, அக்குள் எல்லாம் சிவந்திருக்கின்றன. காதையும் அடிக்கடி உதறுகிறான்.

கணவர் யூடியூப்பில் பார்த்துவிட்டு, சோளம், அரிசி, கோதுமைதான் நாய்க்கு விஷம், தானியமில்லாத உணவு வாங்கினால் சொறி நின்றுவிடும் என்கிறார். அது மூன்று மடங்கு விலை. பட்டியலின் முதல் வரியில் கோழி இருந்தால் நல்ல உணவு என்றும் அந்தக் காணொளி சொல்கிறதாம். இன்னொரு காணொளி, பக்கற் உணவில் இருப்பதெல்லாம் இறகும் சொண்டும் நகமும்தான் என்கிறது. அதைப் பார்த்தபின், எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சோறும் டின் மீனும் போடுவோம் என்ற பேச்சும் வீட்டில் நடக்கிறது. மாமி பழைய பக்கற் ஒன்றைக் கண்ணாடி போட்டு வாசித்துவிட்டு, “மீற் அன்ட் போன் மீல் என்றால் மாட்டிறைச்சியா? அதையா என் குசினியில் வைத்திருந்தீர்கள்?” என்று கேட்டிருக்கிறார். அதே பக்கற்றில் “குரூட் ஆஷ் 8%” என்று கண்ட மகள், சாம்பலையும் கலக்கிறார்களா என்று கேட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டார் சொன்னதால் எலும்பு உறுதிக்குக் கல்சியம் சிரப்பும் தினமும் இரண்டு கரண்டி போகிறது.

அன்புள்ள சகோதரி,

தானியமா, தானியமில்லாததா என்பதே பெரிய கேள்வி என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டவை, நீங்கள் போகிற போக்கில் சொன்ன இரண்டு விடயங்கள்: நிறுத்து வாங்கும் உணவு, கல்சியம் சிரப். இரண்டையும் இந்தக் கிழமையோடு விட்டுவிடுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

எழுத்தில்லாத பை

நாய் உணவில் என்ன இருக்கிறது என்று விளங்கிக்கொள்ள விரும்புகிறீர்கள். ஆனால் உங்கள் குசினியில் இப்போது இருக்கும் பையில் ஓர் எழுத்துக்கூட இல்லை. உள்ளே இருப்பது குட்டிக்கானதா, வளர்ந்த நாய்க்கானதா, எப்போது காலாவதியாகிறது, கோழியா, மாடா, ஒன்றும் தெரியாது. மாமியின் கேள்விக்குக்கூட என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. அவர் வாசித்தது பழைய பக்கற்றை. ரொக்கி தின்பது வேறு உணவை.

“அவன் விரும்பித்தான் சாப்பிடுகிறான்” என்று எழுதியிருக்கிறீர்கள். அது உணவின் தரத்துக்குச் சாட்சியாகாது. உலர் உணவு என்பது தானிய மாவையும் இறைச்சித் தூளையும் குழைத்து, அழுத்தத்திலும் சூட்டிலும் வேகவைத்து, அச்சில் தள்ளி வெட்டி, காயவைத்து எடுப்பது. கடைசியில் அதன்மேல் கொழுப்பையும், நொதியால் கரைத்த ஈரல் சாற்றையும் தெளிப்பார்கள். நாயின் மூக்கு மயங்குவது அந்த வாசத்துக்கு. சாக்கைத் திறந்ததும் முதலில் கெடுவதும் அதே கொழுப்புத்தான். காற்றுப் பட்டுக் கொழுப்புக் காறும். கொழும்பின் ஈரக்காற்றில், அதுவும் கடலோரக் கடைகளில், பூஞ்சணமும் சேரும். சோளம், கடலை போன்றவற்றில் வளரும் ஒரு பூஞ்சணம் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சை விடுகிறது. அது ஈரலைத் தாக்கும். வேகவைத்தாலும் முழுதாக அழியாது. பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்கவும் முடியாது. அமெரிக்காவில் 2005 கடைசியிலும் 2020 கடைசியிலும் மூடிய பைகளிலேயே இந்த நஞ்சு இருந்து நாய்கள் இறந்தன. அங்கே ஒவ்வொரு பையிலும் தொகுதி இலக்கம் இருந்ததால், எந்த நாளில் செய்த உணவு என்று தேடிப் பிடித்துக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். எழுத்தில்லாத பையில் எதைத் தேடுவது?

கடைக்காரரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 2022 இல் பொருளாதார நெருக்கடியால் எல்லாம் தலைகீழாகப் போன நாட்களில், முழுப் பை வாங்க வழியில்லாத எத்தனையோ வீடுகளின் நாய்கள் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று நிறுத்து வாங்கிய உணவில்தான் பிழைத்தன. அது எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் வீட்டில் சிறு கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். ரொக்கியின் வயதுக்கும் எடைக்கும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 350 முதல் 400 கிராம் உலர் உணவு போகும். அப்படியானால் 10 கிலோப் பை நான்கு கிழமைக்குள் முடிந்துவிடும். சிறிய பக்கற்றைவிடக் கிலோ விலையும் பெரும்பாலும் குறையும். ஒரே தடவையில் காசு புரட்டக் கஷ்டமென்றால், நாய் வளர்க்கும் இன்னொரு வீட்டாரோடு சேர்ந்து வாங்கிப் பிரியுங்கள். பையின் பின்பக்கத்தை இரு வீட்டாரும் போனில் படமெடுத்து வைத்திருங்கள். உங்கள் பங்கை வெறும் வாளியில் கொட்டாமல் பையோடு வாளிக்குள் வைத்து இறுக மூடுங்கள். பழைய மிச்சத்தின்மேல் புதியதைக் கொட்ட வேண்டாம்.

புதிய உணவுக்கு ஐந்தாறு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவதுதான் வழக்கம். ஆனால் கையிலுள்ளதில் காறல் வாடையோ பூஞ்சண வாடையோ வந்தால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம், எறிந்துவிடுங்கள்.

பின்பக்கத்தை வாசிப்பது எப்படி

பட்டியலில் பொருட்கள் எடை வரிசையில் வருகின்றன. அந்த எடை சமைப்பதற்கு முந்தியது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பச்சைக் கோழியில் 100 கிராமுக்கு 70 கிராம் அளவு தண்ணீர். காய்ந்தபின் மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்கு. ஆனால் பட்டியலில் அந்தத் தண்ணீரின் எடையோடுதான் அது முதலிடம் பிடிக்கிறது. “சிக்கன் மீல்” என்பது நீரையும் கொழுப்பையும் முன்கூட்டியே எடுத்துவிட்டு அரைத்த தூள். அதில் 60 வீதத்துக்கு மேல் புரதம். ஆகவே மூன்றாம் வரியிலுள்ள சிக்கன் மீல், முதல் வரியிலுள்ள சிக்கனைவிட அதிகப் புரதம் தரக்கூடும். முதல் வரியில் கோழி இருந்தால் நல்ல உணவு என்று உங்கள் கணவர் பார்த்த காணொளி சொன்னது பாதி உண்மை.

அதேபோல் அரிசி, குறுணல், அரிசித் தவிடு என்று மூன்று வரிகளில் வருவதைக் கூட்டிப் பாருங்கள். தனித்தனியே கீழே நிற்பவை, கூட்டினால் கோழியைத் தாண்டிவிடும். இதை மோசடி என்று சொல்லமாட்டேன். அவை வேறுவேறு பொருட்கள்தான். வாங்குகிறவருக்குக் கூட்டத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பையின் முன்பக்கத்தில் உள்ள சொல்லுக்கும் ஒரு கணக்குண்டு. அமெரிக்க விதிப்படி “சிக்கன் டொக் ஃபூட்” என்று பெயரிட, சேர்க்கும் தண்ணீரைக் கழித்து 95 வீதம் கோழி வேண்டும். “சிக்கன் டின்னர்” என்றால் 25 வீதம். “வித் சிக்கன்” என்றால் 3 வீதமே போதும். “சிக்கன் ஃப்ளேவர்” என்றால் நாய்க்குச் சுவை தெரிகிற அளவு இருந்தால் சரி. தாய்லாந்திலிருந்தோ இந்தியாவிலிருந்தோ நமது கடைகளுக்கு வரும் பைகளை அந்த விதி கட்டுப்படுத்தாது. இருந்தாலும் ஃப்ளேவர் என்ற சொல்லைக் கண்டால், பையில் வரைந்திருக்கும் பொரித்த கோழியை மறந்துவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்புங்கள்.

இறகும் சொண்டும் என்ற பயம் “பை-புரொடக்ட்” என்ற சொல்லால் வந்தது. அது பெரும்பாலும் ஈரல், நுரையீரல், சிறுநீரகம், மண்ணீரல், சுத்தம் செய்த இரைப்பை, குடல் என்பவற்றைக் குறிக்கும். கோழியென்றால் கழுத்து, கால் பாதம், முட்டையாக உருவாகாத கரு என்பவையும் சேரும். அமெரிக்க வரைவிலக்கணம் முடி, கொம்பு, பல், குளம்பு ஆகியவற்றை நீக்கச் சொல்கிறது. தவிர்க்க முடியாமல் ஒட்டிவருவதற்கு மேல் இறகு கூடாது என்கிறது. ஈரல் பிரட்டலும் பாபத் கறியும் விரும்பிச் சாப்பிடுகிற ஊர் நமது. அதையே நாயின் உணவில் கண்டால் கழிவு என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஈரலில் உள்ள அளவு விற்றமினும் இரும்பும் நெஞ்சு இறைச்சியில் இல்லை. ஒரு குறை உண்மையிலேயே உண்டு. ஒரு தொகுதியில் ஈரல் கூடலாம், மறு தொகுதியில் பாதம் கூடலாம். அந்தச் சொல்லை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

மகளின் கேள்விக்கு: சாம்பலை யாரும் கலப்பதில்லை. உணவில் ஒரு பிடியை ஆய்வுகூடத்தில் எரித்தால் புரதமும் கொழுப்பும் மாவும் எரிந்துபோய், கல்சியம், பொஸ்பரஸ் போன்ற கனியுப்புகள் மட்டும் மிஞ்சும். அதுதான் ஆஷ். 8 வீதம் சாதாரணம். அது மிகவும் கூடினால் இறைச்சித் தூளில் எலும்பு அதிகம் என்று ஊகிக்கலாம். நல்ல கேள்வி கேட்டாள் என்று சொல்லுங்கள்.

“குரூட் புரோட்டீன்” என்ற எண்ணும் அப்படி ஆய்வுகூடத்தில் வருவதுதான். புரதத்தை நேரே அளப்பதில்லை. உணவிலுள்ள நைதரசனை அளந்து 6.25 ஆல் பெருக்குகிறார்கள். நைதரசன் எங்கிருந்து வந்தது என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. 2007 இல் வட அமெரிக்காவில் இதனாலேயே பெரும் அநியாயம் நடந்தது. சீனாவிலிருந்து வாங்கிய கோதுமைக் குளூட்டனில், புரத எண்ணைக் கூட்டிக் காட்டுவதற்காக மெலமைன் என்ற இரசாயனத்தைக் கலந்திருந்தார்கள். சிறுநீரகம் செயலிழந்து நாய்களும் பூனைகளும் இறந்தன. அடுத்த வருடம் சீனக் குழந்தைகளின் பால்மாவில் அதே மெலமைன் வந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். புரத எண் உயர்ந்திருப்பதை மட்டும் பார்த்து நான் ஓர் உணவையும் சிபாரிசு செய்யாததற்கு இதுதான் காரணம்.

பாதுகாப்புப் பொருட்களைப் பற்றிச் சுருக்கமாக: டொகோஃபெரோல் என்றிருந்தால் அது விற்றமின் ஈ. பி.எச்.ஏ., பி.எச்.ரி. என்பவை செயற்கையானவை, அனுமதித்த அளவுக்குள் இருந்தால் காறிய கொழுப்பைவிட அவை எனக்குக் கவலை குறைந்தவை. எத்தொக்சிகுயினை ஐரோப்பிய ஒன்றியம் 2017 இல் இடைநிறுத்தியது. அதைப் பட்டியலில் கண்டால் வேறு பை எடுங்கள். சிவப்பும் பச்சையுமான உணவு மணிகள் நமக்காகச் செய்தவை. நாயின் கண் அந்த இரண்டு நிறத்தையும் பிரித்தறியாது.

இத்தனையும் வாசித்தபின்னும் ஒரு வரியைத் தேடாமல் விட்டால் பயனில்லை. “கம்ப்ளீற் அன்ட் பலன்ஸ்ட்” என்றும், எந்த வயதுக்கு என்றும் சொல்லும் வரி அது. பெரும்பாலும் சின்ன எழுத்தில், ஓரமாக இருக்கும். அமெரிக்க ஆஃப்கோ அல்லது ஐரோப்பிய ஃபெடியாஃப் அமைப்பின் போசணை அளவுகளைக் குறிப்பிட்டிருப்பார்கள். ஆஃப்கோ எந்த உணவையும் சோதித்து முத்திரை குத்துவதில்லை. அளவுகளை வகுக்கிறது, அவற்றுக்கு அமையச் செய்ததாகச் சொல்வது தயாரிப்பாளர். வளரும் குட்டிக்கு, ஈரத்தை நீக்கிய கணக்கில், குறைந்தது 22.5 வீதம் புரதம் வேண்டும் என்பது ஆஃப்கோவின் அளவு. வளர்ந்த நாய்க்கு 18. ரொக்கிக்கு “பப்பி”, “குரோத்” அல்லது “ஓல் லைஃப் ஸ்டேஜஸ்” என்றிருக்க வேண்டும். லாப்ரடோர் பெரிய இனம் என்பதால் “லார்ஜ் பிறீட் பப்பி” கிடைத்தால் இன்னும் நல்லது. “அடல்ற்” என்று மட்டும் எழுதிய பையை, எவ்வளவு விலையுயர்ந்ததானாலும், ஒரு வயது தாண்டும்வரை வாங்க வேண்டாம்.

மாமி கேட்டது நியாயமான கேள்வி

வீட்டில் சிலர் இதைச் சிரித்துத் தள்ளியிருப்பார்கள் என்று உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது. தள்ளாதீர்கள். “மீற் அன்ட் போன் மீல்” என்பதில் எந்த விலங்கு என்று இல்லை. மாடாகவும் இருக்கலாம், பன்றியாகவும் இருக்கலாம். “அனிமல் ஃபற்” என்பதும் அப்படியே. முன்பக்கத்தில் கோழிப் படம் இருந்தாலும் பின்பக்கத்தில் அந்த வரி இருக்கக்கூடும். கோழி தவிர வேறொன்றும் வீட்டுக்குள் வரக்கூடாது என்றால், விலங்கின் பெயரைச் சொல்லும் பையைத் தேடுங்கள்: “சிக்கன் மீல்”, “சிக்கன் ஃபற்”, “ஃபிஷ் மீல்”. “போல்ட்ரி” என்ற சொல் பறவைகளை மட்டும் குறிக்கும். முஸ்லிம் வீடுகளிலிருந்து வருகிறவர்களும் பன்றியை நினைத்து இதே கேள்வியைக் கேட்கிறார்கள்; அவர்களுக்கும் இதே பதிலைத்தான் சொல்கிறேன். விலங்கின் பெயரைச் சொல்லும் பட்டியல் வைத்தியருக்கும் நல்லது. ஒவ்வாமை என்று சந்தேகம் வந்தால், நாய் எதைத் தின்றது என்று தெரிந்தால்தான் நான் மேலே போகலாம்.

உணவு வாளியைக் குசினியிலிருந்து எடுத்து, வெயில் படாத வேறிடத்தில் வையுங்கள். மாமியின் மனத்துக்கும் ஆறுதல். அடுப்புச் சூடும் ஆவியும் படாததால் உணவும் கெடாது. உலர் உணவில் சல்மனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம் என்பதால், மகள் உணவு போட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும்.

சொறியும் தானியமும்

இப்போது உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். தானியம் நாய்க்கு விஷமில்லை. ஓநாயிலிருந்து பிரிந்து மனிதரோடு வாழத் தொடங்கியபின், மாப்பொருளைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு நாய்களில் பல மடங்கு பெருகியிருக்கிறது. 2013 இல் வெளியான ஆய்வில், ஓநாயிடம் இரண்டு பிரதிகள் இருந்த அந்த மரபணு, நாய்களிடம் நான்கு முதல் முப்பது வரை இருந்தது. வெந்த சோறு அவற்றுக்குச் செரிக்கும்.

உணவு ஒவ்வாமையுள்ள 297 நாய்களைப் பற்றிய ஆய்வுகளை 2016 இல் தொகுத்துப் பார்த்தபோது, அதிகமாகக் குற்றவாளியாக வந்தது மாட்டிறைச்சி, 34 வீதம். பாற்பொருட்கள் 17, கோழி 15, கோதுமை 13. ஆகவே தானியமில்லாத கோழி உணவு வாங்கினால், கோழி ஒத்துக்கொள்ளாத நாய் சொறிந்துகொண்டுதான் இருக்கும். தானியத்தை எடுத்துவிட்ட இடத்தில் பெரும்பாலும் பட்டாணியையும் பருப்பு வகைகளையும் போடுகிறார்கள். அப்படியான உணவுக்கும் இதயத் தசை தளரும் ஒரு நோய்க்கும் தொடர்பிருக்குமோ என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் விசாரணை தொடங்கியது. காரணம் இதுதான் என்று நிரூபணமாகவில்லை. ஆனால் சந்தேகம் தீராத ஒன்றுக்கு மூன்று மடங்கு விலை கொடுக்க நான் சொல்லமாட்டேன்.

ரொக்கியின் சொறிக்கு முதலில் பார்க்க வேண்டியது உணவை அல்ல. வால் அடியில் சொறிந்தால் தெள்ளு என்றுதான் என் முதல் எண்ணம் போகும். ஈரமான வெள்ளைத் தாளில் அவனை நிறுத்தி, முதுகைச் சீவிப் பாருங்கள். விழுகிற கறுப்புத் தூள் ஈரத்தில் சிவப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம். தெள்ளு, உண்ணி மருந்தை எடைக்கேற்ப வைத்தியரிடம் கேட்டுத் தவறாமல் கொடுங்கள். தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் சொறிப்பூச்சி தெரியும். அந்த வகைகளில் ஒன்று மனிதருக்கும் தொற்றும் என்பதால், வீட்டில் வேறு யாருக்காவது, முக்கியமாக மகளுக்கு, அரிப்பு இருந்தால் வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். காதில் பூஞ்சை இருக்கிறதா என்றும் பார்க்கட்டும்.

நிறுத்து வாங்கும் உணவுக்கும் சொறிக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்லமாட்டேன். ஈரத்தில் திறந்து கிடக்கும் தானிய உணவில் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் பெருகும். ஒவ்வாமைக்காரத் தோலுள்ள சில நாய்களுக்கு அவையே அரிப்பைத் தூண்டும்.

இவையெல்லாம் சரிசெய்தும் அரிப்பு நிற்காவிட்டால்தான் உணவுச் சோதனை. அவன் இதுவரை தின்னாத ஒரு புரதம், அல்லது புரதத்தை நுண்ணியதாக உடைத்துச் செய்த வைத்திய உணவு, குறைந்தது எட்டுக் கிழமை. அந்த எட்டுக் கிழமையும் விஸ்கோத்து இல்லை, பாண் துண்டு இல்லை, மகள் மேசைக்குக் கீழே நீட்டும் கோழித் துண்டும் இல்லை. குணமானால் பழைய உணவைத் திரும்பக் கொடுத்து, அரிப்பு வருகிறதா என்று பார்த்துத்தான் உறுதிசெய்வோம். உணவு ஒவ்வாமைக்கென்று செய்யும் இரத்தப் பரிசோதனையும் முடிப் பரிசோதனையும் நம்பத்தக்கவையல்ல. அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

கல்சியம், சோறு, டின் மீன்

நிறைவான குட்டி உணவில் கல்சியம் அளந்து போடப்பட்டிருக்கிறது. பெரிய இனக் குட்டிகளுக்கு அது குறைந்தாலும் கெடுதி, கூடினாலும் கெடுதி. ஆஃப்கோ அளவில் உலர்கணக்கில் 1.2 முதல் 1.8 வீதத்துக்குள் நிற்க வேண்டும். மிகச் சின்னக் குட்டியின் குடலுக்கு வேண்டாத கல்சியத்தைத் தடுக்கத் தெரியாது. சிரப்பை மேலதிகமாக ஊற்றினால் எலும்பு உறுதியாவதற்குப் பதில் வளர்ச்சி கோணலாகும். புதிய பை தொடங்கும் நாளிலேயே சிரப்பை நிறுத்துங்கள். இதுவரை கொடுத்ததை நினைத்துக் கலங்க வேண்டாம். நொண்டுகிறானா, முன்கால் வளைந்திருக்கிறதா என்று மட்டும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இதன் மறுபக்கத்தையும் நான் பார்த்திருக்கிறேன். சோறும் எலும்பு நீக்கிய கோழியும் மட்டும் தின்று வளர்ந்த ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். படியால் இறங்கும்போது கால் முறிந்திருந்தது. எக்ஸ்றேயில் எலும்புகள் மெழுகுத்தாள் போலத் தெரிந்தன. எலும்பில்லாத கோழி இறைச்சியில் கல்சியத்தைவிடப் பொஸ்பரஸ் பத்து மடங்குக்கும் மேல். சமநிலைக்காக உடம்பு தன் எலும்பையே கரைத்தது. அன்பில்லாத வீடு அல்ல அது. தினமும் புதிதாகச் சமைத்துத்தான் போட்டார்கள்.

டின் மீனில் மெத்தென்ற முள் இருப்பதால் கல்சியம் ஓரளவு உண்டு. ஆனால் உப்பும் அதிகம். நாகம் (சிங்க்), செம்பு, விற்றமின் ஈ எல்லாம் குட்டிக்குப் போதாது. வீட்டுச் சமையலையே முழு உணவாக்க விரும்பினால், ரொக்கி வளர்ந்தபின், வைத்தியர் ஒருவர் எழுதித்தரும் அளவுகளோடும் கனியுப்புக் கலவையோடும் செய்யலாம். இப்போதைக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெளிச் சாப்பாடு வேண்டாம். அரைக் கோப்பைச் சோறும் கழுவிய மீனில் சிறிதும், அல்லது ஓர் அவித்த முட்டை, அல்லது அவித்த பூசணித் துண்டு. கறிக் குழம்பு கூடாது. வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். வெந்த கோழி எலும்பும் கூடாது.

கடையில் உங்களுக்கு உரிமையும் உண்டு. பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அச்சிட்ட உச்ச விலைக்கு மேல் விற்பதும் காலாவதியானதை விற்பதும் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் முறையிடத் தக்கவை. அதிகாரசபையின் அவசர இலக்கம் 1977. பற்றுச்சீட்டும் பையின் படமும் கையில் இருந்தால்தான் முறைப்பாடு நிற்கும். ரொக்கி சாப்பிட மறுத்து, வாந்தி எடுத்து, பல் முரசோ கண்ணோ மஞ்சளானால், பையையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே வாருங்கள்.

கடைசியாக, கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்த இன்னொரு வரி. வெள்ளிக்கிழமைகளில் மாமி படைத்த சர்க்கரைப் பொங்கலில் ரொக்கிக்கும் ஒரு பிடி வைக்கிறார் என்றீர்கள். அந்தப் பாசத்தை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பொங்கலில் போடும் பிளம்ஸ், அதாவது உலர்ந்த திராட்சை, நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். சில நாய்களுக்குக் கொஞ்சமே போதும். எந்த நாய்க்கு எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சர்க்கரையும் நெய்யும்கூட அவனுக்கு வேண்டியவையல்ல. பானையில் சர்க்கரையும் பிளம்ஸும் விழுமுன், வெறும் பச்சரிசிச் சோறாக இருக்கும்போதே ஒரு கரண்டியை அவனுக்கென்று மாமி தனியே எடுத்து வைக்கட்டும். ஆறியதும் அவர் கையாலேயே கொடுக்கலாம்.